பேனரில் சிரிக்கும் பிள்ளை

அத்தியாயம் பதினொன்று

புக்கிட் ரோத்தானில் மகேந்திரனை எல்லாரும் 'கோச்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடச் சொன்னவர் மகேந்திரனேதான். எந்த ஆட்டத்துக்குக் கோச் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்வார். பதில் முடியும்போது கேட்டவர் கையில் ஒரு டப்பா இருக்கும்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்கு உதவியாளாக இருந்து, செம்பனை நிலம் வீடமைப்புக்குக் கைமாறியபோது வெளியே வந்தவர். தண்ணீர் வடிகட்டி, காந்த மெத்தை, ரத்தத்தைச் சுத்தமாக்கும் காப்பித் தூள் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசியில் ஆண்களின் முகத்தில் வந்து நின்றிருந்தார். சரக்கின் பெயர் 'ராஜகளை'. கழுவ ஒரு டப்பா, துடைக்க ஒன்று, சொட்டு விட ஒன்று, பகலில் பூச ஒன்று, ராத்திரி பூச ஒன்று. ராத்திரி டப்பாவுக்கு மட்டும் தங்க நிற மூடி. வேலை செய்வது அதுதான், மற்ற நாலும் துணைக்கு வந்த சொந்தக்காரர்கள் என்பது போட்டுப் பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

முதல் சரக்கு வந்த வெள்ளிக்கிழமை டப்பாக்களை அம்மன் காலடியில் வைத்து அர்ச்சனை செய்துதான் ஊருக்குக் கொடுத்தார். அந்த ஒரு காரியம் பெரிய வேலை செய்தது. கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றாலே அக்காமார் கேலி செய்யும் ஆண்பிள்ளைகள், சாயங்காலம் விளக்கேற்றித் திருநீறு பூசிய கையோடு தங்க மூடியைத் திறந்தார்கள். சாமிக்கு வைத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

விளம்பரத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அது வீட்டிலேயே சும்மா கிடந்தது. மகன் பவனேஷின் முகம்.

நல்ல கறுப்பு. சின்ன வயதில் அவனைக் 'கரிக்கட்டை' என்று முதலில் கூப்பிட்டது பள்ளிக்கூடத்துப் பையன்கள் இல்லை, அப்பாதான். அந்தக் கரிக்கட்டை நாலே மாதத்தில் பால்கோவா நிறத்துக்கு வந்தது. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேனர் அடித்தார் மகேந்திரன். பழைய படத்தை இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கச் சொல்லி அச்சுக் கடையில் நின்று வேலை வாங்கியவரும் அவர்தான்.

அதற்குப் பிறகுதான் பவனேஷின் கண் இமை காலையில் வீங்க ஆரம்பித்தது. பின்பு கால். செருப்பு ஏறவில்லை. பிள்ளை வெள்ளையானதைப் பார்த்து ஊர்க்கண் பட்டுவிட்டது என்று லீலாவதி முடிவு கட்டினாள். உப்பும் மிளகாயும் எடுத்து மகனைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தது, நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. யாருடைய கண் என்பதிலும் இல்லை: எதிர் வீட்டுக் கங்கா. அடுத்த வெள்ளிக்கிழமையும் சுற்றிப் போட்டாள். அதற்கடுத்த புதன்கிழமை, சுங்கை பெசாரில் அவன் வேலை பார்க்கும் கைப்பேசிக் கடையில் பவனேஷ் மயங்கி விழுந்தான். கடை முதலாளி தவுக்கே தன் காரிலேயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

இன்று சனிக்கிழமை. காலையில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கூட்டம். தலைப்பு: 'ஆண்மகனே, முகம் உன் முதலீடு.'

மகேந்திரன் குளியலறையில் பச்சை சோப்புக் கட்டியால் முகம் கழுவினார். துண்டால் அழுத்தித் துடைத்தார். பவுடர் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்குக் கீழே ராஜகளை டப்பாக்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன.

பையன் முகத்துக்குப் போடும் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. லீலாவதி சாமி மேடையிலிருந்து மகனுடைய தங்க மூடி டப்பாவை எடுத்து, மற்றதோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு மத்தியானம் தானும் வருவதாகச் சொன்னாள். எதற்கு இதையெல்லாம் கேட்கிறார்கள் என்றும் கேட்டாள். ஆஸ்பத்திரி என்றால் எதையாவது கேட்பார்கள் என்றார் மகேந்திரன்.

*

வார்டில் பவனேஷ் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். அந்த முகத்தை மகேந்திரனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பால்கோவா நிறம் அப்படியே இருந்தது, ஆனால் உள்ளே யாரோ காற்றடித்தது போல உப்பியிருந்தது. கண்கள் இரண்டு கோடுகள்.

டாக்டர் கலாவதி சின்ன வயதுக்காரி. அவள் கன்னத்தில் இரண்டு பருக்கள் இருப்பதைக் கோச்சின் கண் உடனே கவனித்தது. ஒரு செட் தள்ளலாமே என்று மனசுக்குள் ஒரு கணக்கும் ஓடி நின்றது. பழக்கம் அப்படி.

அவள் பையிலிருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். செய்தவர் முகவரி இல்லை, பதிவு எண் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. சிங்கம் படம் மட்டும் இருந்தது. தங்க மூடியைத் திறக்கப்போனவள் நின்றாள்.

"இது என்ன செவப்பா?"

"குங்குமம், டாக்டர். சாமி மேடையில இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு திறந்தாள்.

அதன் பிறகு அவள் சொன்னதெல்லாம் மகேந்திரன் காதில் துண்டு துண்டாகத்தான் விழுந்தது. பவனேஷின் சிறுநீரகம் சல்லடை கிழிந்தது போல் ஆகி, உடம்பில் தங்கவேண்டிய புரதமெல்லாம் வெளியே போகிறது. அதனால்தான் வீக்கம். இப்படிச் சட்டென்று வெளுக்க வைக்கும் கிரீம்களில் பாதரசம் கலப்பவர்கள் இருக்கிறார்கள். தோல் வழியாக இறங்கி நேரே சிறுநீரகத்துக்குப் போய் உட்காரும். சோதனை முடிவு வராமல் உறுதியாகச் சொல்லமாட்டாள், ஆனால் அவளுக்குச் சந்தேகம் பெரிதாக இல்லை. திங்கட்கிழமை கிள்ளானில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள். அங்கே சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு பவனேஷ் கேட்ட கேள்வி வேறு.

"அப்ப மொகத்துக்கு ஒண்ணுமே போடக் கூடாதா, டாக்டர்?"

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவு நேரம் இல்லாத ஒரு பொறுமை அவள் குரலில் வந்தது.

"போடலாம். இந்தத் தோல் ஆறட்டும், பிறகு. காலையிலயும் ராத்திரியும் லேசான ஃபேஸ் வாஷ், சோப்புக் கட்டி வேணாம். தேய்க்காம ஒத்தி எடுங்க. வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் ஒண்ணு. வெயில்ல போறப்ப சன்ஸ்கிரீன், அதை மட்டும் கஞ்சத்தனம் பண்ணாம போடுங்க. முடிஞ்சுது. எல்லாம் ஃபார்மசிலயே கிடைக்கும். ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனின்னு ஒண்ணும் இல்ல."

"வெள்ளையாகுமா?"

"ஆகாது. உங்க கலர் உங்களுக்குத் திரும்பி வரும்."

பவனேஷ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மகேந்திரனுக்கு ஒரு விநோதமான அவமானம் வந்தது. மகன் உயிர் ஊசலாடும் நேரத்தில் அவருக்கு வந்த அவமானம் தொழில் சம்பந்தமானது. ஒன்றரை மணி நேரம் படம் போட்டு, பாட்டுப் போட்டு, கையைக் காலை ஆட்டி அவர் நடத்தும் பாடத்தை இந்தப் பெண் ஒரு மூச்சில் முடித்துவிட்டாள். விற்பதற்கு அதில் ஒன்றும் மிச்சம் இல்லை.

"இதை யாரு வித்தாங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

பவனேஷ் மெதுவாகத் திரும்பினான். அந்தக் கோடுகளுக்குள்ளிருந்து அவன் பார்வை அப்பாமேல் வந்து ஒரு நிமிஷம் நின்றது.

"ஆன்லைன்ல வாங்குனேன்," என்றான்.

பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகேந்திரன் தன் கால் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அதையும் குறித்துக்கொண்டாள். பிறகு அவரைப் பார்த்து, "அங்கிள், நீங்களும் இதைப் போடுறீங்களா?" என்றாள்.

"இல்ல," என்றார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"நல்லது. வேற யாராச்சும் போட்டா உடனே நிறுத்தச் சொல்லுங்க. இங்க வரச் சொல்லுங்க. சீக்கிரம் வந்துட்டா நிறைய பேருக்குக் கிட்னி பழையபடி ஆயிரும். லேட்டா வர்றவங்களுக்குத்தான் நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் வெளியே போனாள். பக்கத்துக் கட்டில் மலாய்க்காரக் கிழவர் இருமிவிட்டுப் படுத்தார்.

"நீங்க ஏன்ப்பா போடல?" என்றான் பவனேஷ்.

போட்டிருக்கிறார். அதுதான் விஷயம். மாதிரிக்கு வந்த முதல் டப்பாவை, யாரும் பார்க்காதபோது, முதலில் தன் முகத்தில்தான் பூசினார். தூங்கப் போகுமுன் கன்னம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரிந்தது. விடியும்வரை ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தார். காலையில் ரவாங்கிலிருந்து சரக்கு அனுப்பும் தன் மேலிடத் தலைவர் அழகேசனுக்குப் போன் செய்தார். வயசான தோலுக்கு அப்படித்தான் இருக்கும், இளசுகளுக்கு ஒத்துக்கொள்ளும் என்றார் அழகேசன். அன்றைக்கே மகேந்திரன் மகனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். எரியுதுப்பா என்று அவன் சொன்னபோது, எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றார். பிறகு அதையே மேடையிலும் சொன்னார். கைதட்டினார்கள்.

மகனுக்கு அவர் சொன்னது வேறு. "எனக்கு எதுக்குடா இந்த வயசுல," என்றார்.

பவனேஷ் தன் உப்பிய கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"தினம் காலையில என் தாடையைப் புடிச்சு வெளிச்சத்துல திருப்பிப் பாப்பீங்க," என்றான். "அதுக்கு முன்னால நீங்க என் மொகத்தைப் பாத்ததே இல்லப்பா. எரிஞ்சாலும் பரவாயில்லன்னு இருந்துச்சு."

மகேந்திரன் எழுந்து தண்ணீர் போத்தலை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

"வீரன் மாமாகிட்ட சொல்லிருங்க," என்றான் மகன். "மாமா கண்ணும் வீங்கியிருக்கு. போன வாரமே பாத்தேன். இன்னிக்குக் கூட்டத்துல எல்லாரும் இருப்பாங்க. எல்லார்கிட்டயும் சொல்லிருங்கப்பா."

"பாக்கலாம்."

பார்க்கலாம் என்பது மகேந்திரன் அகராதியில் முடியாது என்பதன் மரியாதையான வடிவம். அது மகனுக்கும் தெரியும்.

*

திரும்பி வரும் வழியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டே இருந்தது. முந்திப் போக இடம் கிடைத்தும் மகேந்திரன் தன் மோட்டார் சைக்கிளில் முந்தவில்லை. வீட்டுக்குப் போனால் லீலாவதி கேட்பாள்.

கேட்டாள். தண்ணீர் சரியாகக் குடிக்காததால் கிட்னியில் கிருமி, மருந்தில் சரியாகிவிடும் என்று சொன்னார். சொல்லும்போதே இவள் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வாள் என்று அவருக்குத் தெரியும், அப்படியே நடந்தது. கடைக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு போத்தல் தண்ணீர் கட்டிக் கொடுக்காத பாவி நான் என்று அடுப்படியில் நின்று அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போய், எதிர் வீட்டுக் கங்காவை ஒரு பாட்டம் திட்டினாள். அவள் கண் அவிந்துபோகும் என்றாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கங்கா ஈரத் துணியைக் கையில் வைத்தபடி நின்றாள்.

மகேந்திரன் இதையெல்லாம் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கு வழியாகப் பார்த்தார். ஒரு சொல்லில் நிறுத்தியிருக்கலாம். உள்ளே போய்ச் சாயங்காலத்துச் சட்டையை இஸ்திரி போட்டார்.

கூட்டத்தை ரத்து செய்யவேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது, சாப்பாட்டுக்கு மீகோரெங் நூடுல்ஸ் சொல்லியாகிவிட்டது, அழகேசன் ரவாங்கிலிருந்து கிளம்பியாகிவிட்டது. ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்குவதற்குப் பெரிய சதி ஒன்றும் தேவையில்லை. மீகோரெங் ஆர்டர் போதும்.

*

மண்டபத்தில் பவனேஷ் ஏற்கனவே வந்திருந்தான். மேடைக்குப் பின்னால், எட்டடி உயரத்தில், இடது பாதி கறுப்பும் வலது பாதி வெளுப்புமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அழகேசன் அந்த வெக்கையிலும் கோட்டுப் போட்டிருந்தார். நாடு பூராவும் தனக்குக் கீழே ஆட்கள் இருப்பதாகச் சொல்லிக்கொள்பவர். கோட்டுக் காலரில் கிரீடம் வடிவத்தில் ஒரு பின். மகேந்திரன் அவரைச் செருப்பு விடும் இடத்துக்குக் கூட்டிப்போய், காலையில் டாக்டர் சொன்னதை மெல்லச் சொன்னார்.

அழகேசன் பதறவில்லை. இது உடம்பு பழைய நஞ்சைக் கழிக்கும் கட்டம் என்று எப்போதும் சொல்வதையே சொன்னார். டாக்டர்மார்களுக்கு இது புரியாது என்றார். அவர் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் வைத்திருப்பார். பிறகு சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர் உங்க பேரைக் கேட்டாங்களா, கோச்?"

"யாரு வித்தான்னு கேட்டாங்க. பையன் ஆன்லைன்னு சொல்லிட்டான்."

அழகேசன் அவர் தோளைத் தட்டினார். "நல்ல பிள்ள லா. நல்லா வளத்திருக்கீங்க."

மகேந்திரனின் வாழ்க்கையில் அவரைப் பாராட்டிப் பலர் பேசியிருக்கிறார்கள். பாதியை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த ஒன்று மட்டும் தோளிலேயே ஒட்டிக்கொண்டது. தட்டிவிட முடியவில்லை.

ஐந்தரைக்கெல்லாம் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ஆலைக்காரர்கள், லோரி ஓட்டுநர்கள், கோயில் நிர்வாகத்தில் பாதி. முன்வரிசையில் லீலாவதியின் தம்பி வீரன். ரவாங் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவன் முகமும் வெளுத்திருந்தது. கழுத்து பழைய நிறத்திலேயே நின்றுவிட்டதால், முகத்தை யாரோ இரவல் கொடுத்தது போல் இருந்தது. கண் இமைகள் தடித்திருந்தன. மச்சானைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

மகேந்திரன் மைக்கைப் பிடித்தார். வழக்கமான வணக்கம் சொன்னார். வழக்கமான அடுத்த வரி வரவில்லை.

"மொகத்துக்கு ரொம்ப ஒண்ணும் வேணாம்," என்றார். தன் குரல் தனக்கே வேறாகக் கேட்டது. லேசான ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவுங்கள் என்றார். தேய்க்காமல் ஒற்றியெடுங்கள் என்றார். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், வெயிலுக்கு சன்ஸ்கிரீன், எல்லாம் ஃபார்மசியில் கிடைக்கும், வேறு எதுவும் போடாதீர்கள் என்றார். காலையில் கேட்டதைப் பிள்ளைகள் மனப்பாடம் ஒப்பிப்பது போல் அதே வரிசையில் சொன்னார். எதற்காகச் சொல்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே தப்பித்துவிடலாம், இவர்களும் பிழைத்துக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை.

சபை ரசித்துச் சிரித்தது.

அவர்களுக்குக் கோச்சைத் தெரியும். தண்ணீர் வடிகட்டி விற்ற காலத்தில் முதலில் குழாய்த் தண்ணீரை மேடையில் குடித்து, ஆகா இது போதுமே என்பார். காந்த மெத்தைக் காலத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் படுத்துக் காட்டுவார். முதலில் தாழ்த்தி, பிறகு தூக்குவது அவர் பாணி. பின்வரிசையிலிருந்து கோயில் நிர்வாகத்து முருகையா எழுந்து, "சரி கோச், இப்ப புது டப்பாவை எடுங்க, பாப்போம்," என்றார். மண்டபம் கைதட்டியது.

நிலைமையைக் காப்பாற்ற அழகேசன் மேடையேறி, மைக்கை அவர் கையிலிருந்து மென்மையாக உருவி, அனுபவம் சொல்ல வரும்படி வீரனைக் கூப்பிட்டார்.

வீரன் நல்லவன். மேடைக் கூச்சம் உள்ளவன். படியேறவே சிரமப்பட்டான், காலில் ஷூ இல்லை, ரப்பர் செருப்பு. முதலில் தன் பெண்டாட்டி மாலா சிரித்தாள், இப்போது ஆலையில் சூப்பர்வைசரே தன்னை 'ஹேன்சம்' என்கிறான் என்று சொன்னான். கூட்டம் விசிலடித்தது.

"கண்ணு கொஞ்சம் வீங்கும். காலு கனமா இருக்கும்," என்றான். "நானும் பயந்துதான் போனேன். அது நஞ்சு வெளிய போறதுன்னு மச்சான் சொன்னாரு. சரின்னு இப்ப ராத்திரி கிரீமைப் பகல்லயும் சேத்துப் போடுறேன். சீக்கிரம் போவட்டும்னு." பேனரைத் திரும்பிப் பார்த்தான். "எல்லாம் நம்ம பவனைப் பாத்துத்தான். அவன் மொகத்தைப் பாத்துத்தான் நான் நம்புனேன்."

கைதட்டல் எழுந்தது. மகேந்திரன் நடந்து போய் மச்சினன் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"போடாத," என்றார். "வீரா, அதைப் போடாத."

சிரிப்பு அங்கங்கே மிச்சமிருந்தது.

"பவன் ஆஸ்பத்திரியில இருக்கான். கிட்னி கெட்டுப்போச்சு. இந்தக் கிரீம்தான்னு டாக்டர் சொல்றாங்க. நாளைக்கே எல்லாரும் போயி டெஸ்ட் பண்ணுங்க. சீக்கிரம் போனா காப்பாத்திரலாம்."

அழகேசன் சிரித்தபடி முன்னால் வந்தார். கோச் நம் நம்பிக்கையைச் சோதிக்கிறார் என்று சபைக்கு விளக்கம் சொன்னார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; மகேந்திரனிடமிருந்து உண்மை வந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. அழகேசன் மைக்குக்காகக் கை நீட்டினார். மகேந்திரன் கொடுக்கவில்லை. நம்ப வைக்க அவரிடம் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"நான் இதைப் போடுறதில்ல," என்றார். "ஒரே ஒரு தடவை போட்டேன். தாங்க முடியாம எரிஞ்சுச்சு. அதோட விட்டுட்டேன். உங்களுக்கெல்லாம் குடுத்தேன்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

"அம்மன் காலடியில வச்சதாச்சேய்யா," என்றார் முருகையா, நின்ற இடத்திலேயே. கோபம்கூட இல்லை. கணக்கில் எங்கேயோ தப்பு இருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லு என்பது போல்.

வீரன் இன்னும் மேடையில்தான் நின்றிருந்தான். அவன் கை தன் கன்னத்துக்குப் போய், தொடாமல், அருகிலேயே நின்றது.

"மாலாவும் அதைத்தான் போடுறா மச்சான்," என்றான் மெதுவாக. "என் டப்பாவுலருந்து எடுத்து."

அப்போதுதான் வாசல் பக்கம் தலைகள் திரும்பின.

லீலாவதி நின்றுகொண்டிருந்தாள். கையில் கஞ்சி கொண்டுபோன தூக்குச் சட்டி. மத்தியானம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடமும் எல்லாம் சொல்லியிருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவளுக்குப் பின்னால், கார் சாவியைக் கையில் பிடித்தபடி கங்கா. காலையில் திட்டிய வாயோடு போய் அவளிடமே உதவி கேட்டிருக்கிறாள். அந்த வீட்டு வரிசையில் வேறு யாரிடம் கார் இருக்கிறது.

லீலாவதி எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். ஆட்கள் கால்களை ஒடுக்கிக்கொண்டு வழி விட்டார்கள். மேடைக்குக் கீழே வந்து நின்றாள். பேனரில் சிரிக்கும் மகனைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

காலையில் பொய் சொன்னதற்காகத் திட்டுவாள் என்று நினைத்தார். அதற்கு அவர் தயாராக இருந்தார். தலையைக் குனிந்துகொள்ளலாம், அது அவருக்கு வரும்.

"உங்களுக்கு எரிஞ்சுச்சா?" என்றாள் லீலாவதி.

அவர் தலையாட்டினார்.

"எப்ப? பையனுக்குப் போட்டு விடறதுக்கு முந்தியா, பிந்தியா?"

மைக் அவர் கையிலேயே இருந்தது, அணைக்கவில்லை. மகேந்திரன் மூச்சு விடுவது நாலு மூலை ஒலிபெருக்கியிலும் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.